காற்றுக்குக் காட்டிய அட்டை

சாந்தியாகோவிலிருந்து டாக்டர் வருவது
மூன்று மாதத்துக்கு ஒருமுறை.
பட்டியலில் எங்கள் எண் நூற்றுப் பதினொன்று.
எண் நகர்வதற்குள்
மிர்கோவுக்கு ஐந்து வயது முடிந்து
மூன்று ஜோடி ஷூ சிறுத்துப்போயின.

கூப்பிட்ட நாள் பார்த்து
புந்தா அரேனாஸில் அப்படியொரு காற்று.
நகராட்சி ஆட்கள் சதுக்கத்து முனைகளில்
பிடித்து நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள்.
எனக்கு ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அவன் சட்டைக் காலர்.
அவனுக்கோ
இரண்டு கையும் காதுக்கே போதவில்லை.

நாலாம் எண் அறை.
தாழ்ந்த மேசை, ஒரு பெட்டி நிறைய பொம்மை.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் நான்,
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் சீருடையோடு.
சோதிக்க வந்த எலியானா நகம் கடிப்பவள்.
பொம்மைக்கு இன்று பிறந்தநாள் என்றாள்.
களிமண் கேக். குச்சி மெழுகுவத்தி.
பாடலாமா?
அவன் பாடவில்லை.
ஊதலாமா?
குச்சியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தான்.
படிவத்தில் ஒரு இரண்டு விழுந்தது.
பிறகு இன்னொரு இரண்டு.
இந்தப் பரீட்சையில் சைபர்தான் நல்ல மதிப்பெண்ணாம்.
பள்ளியில் சைபராகவே வாங்கிக் குவித்த எனக்குச்
சிரிப்பு வந்தது,
அழுகைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து.

அப்புறம் அவன்
பரிசுப் பொட்டலத்து நாடாவை உருவினான்.
நாற்காலிக் காலில் ஒரு முனை,
மேசைக் காலில் மறுமுனை.
விறைக்க இழுத்துக் கட்டினான்.
பொம்மையின் கையை அதன்மேல் வைத்தான்.
முன்னால் குனியவைத்து, மெல்ல மெல்ல
நடத்திக்கொண்டு போனான்.

எலியானாவின் பேனா நின்றது.
பெட்டிகளுக்கு வெளியே, ஓரத்தில்,
நீளமாக ஏதோ எழுதினாள்.

அதனால் முடிவொன்றும் மாறிவிடவில்லை.
மாறியிருந்தால்
மறுபடி நூற்றுப் பதினொன்றில் நின்றிருப்போம்.
ஆட்டிச நிறமாலை என்றார் டாக்டர் செபுல்வேதா.
எங்கள் மொழியில்
நிறமாலைக்கும் ஆவிக்கும் சொல் ஒன்றுதான்.
என் நாத்தனார் மிலென்காவின் காதில்
இரண்டாவது பொருள்தான் விழுந்தது.
எல்லை தாண்டி ரியோ காயெகோஸ் போய்
ஒரு குப்பி வாங்கிவந்தாள்:
தினம் ஆறு சொட்டு, பையன் பூரண குணம்.
நீச்சல்குளம்போல் நெடி.
ஒரே ஊற்றாகத் தொட்டியில் ஊற்றினேன்.
பாத்திரம் கழுவும் தொட்டி இப்போது பூரண குணம்.

நண்டுப் படகிலிருந்து திராகோ பேசினான்.
பாதி குரல், பாதி கடல்.
'நேற்று எப்படி இருந்தானோ அப்படியேதானே இருக்கிறான்?'
ஆமாம்.
'ராத்திரி சாப்பிட்டானா?'
வெள்ளையாக இருந்ததையெல்லாம் சாப்பிட்டான்.
'அப்போ சரி' என்றான்.
வைக்காமல் கொஞ்சநேரம் அப்படியே இருந்தான்.

மருந்து கேட்டேன்.
தூக்கத்துக்கு வேண்டுமானால் உண்டு,
இதற்கென்று கிடையாது என்றார்கள்.
செவ்வாய்தோறும் நாற்பத்தைந்து நிமிடம்,
பேச்சுப் பயிற்சி தரும் நொரேல்யா,
காதுக்கு ஒரு மூடி,
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய படங்கள்:
பழச்சாறு. கழிப்பறை. படகு.
பிறகு, விரித்த உள்ளங்கை ஒன்று. போதும் என்று அர்த்தம்.
ஏழு வாரம் அட்டைகளைத் தின்றான்.
எட்டாம் வாரம்,
நான் தலை சீவிக்கொண்டிருக்கையில்
என் மடியில் வந்து விழுந்தது அந்த உள்ளங்கை.
சீப்பைக் கீழே வைத்தேன்.
அன்றைக்கு முழுதும்
பரட்டைத் தலையோடு ஊரெல்லாம் சுற்றினோம்,
ராஜாவும் சேவகியும்.

நவம்பர் ராத்திரி.
தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது காற்று.
எழுந்துபோய் விளக்கைப் போட்டால்
ஜன்னலோரம் நிற்கிறான்.
கண்ணாடியில் அட்டையை ஒட்டிப் பிடித்திருக்கிறான்,
படம் வெளியே பார்க்க.
எனக்குத் தெரிந்தது அதன் வெள்ளை முதுகு மட்டும்.

காற்று படிக்கவில்லை.
அவன் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தான்.